பெரியப்பா கொடுத்த உத்தரவு

எங்கள் பெரியப்பாவுக்குக் கோபம் வந்தால் முதலில் புருவத்தில்தான் தெரியும். இரண்டு புருவங்களும் மேலே ஏறி, நெற்றியில் மூன்று நான்கு வரிகள் விழும். அதைப் பார்த்ததும் விசைத்தறிக் கொட்டகையில் வேலை செய்கிறவர்கள் பீடியை அணைப்பார்கள். என் அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வார். பிள்ளைகள் நாங்கள் எந்தத் தப்பும் செய்யாமலேயே புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்வோம். அவர் வாயைத் திறந்து திட்டி நான் கேட்டதே இல்லை, அதற்கு அவசியம் வந்ததுமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் எங்கள் வீட்டில் நடந்தது வெறும் முட்டாள்தனமாகத் தெரியும். முட்டாள்தனம்தான், ஆனால் அதற்கு ஒரு காரணம் இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்குப் பத்து வயது. வெள்ளகோவிலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். பெரியப்பா குடும்பமும் நாங்களும் ஒரே வீட்டில் இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் தறிக் கொட்டகை. பெரியப்பாவுக்கு ஒரே மகள். எனக்குத் தலை சீவிவிடுவது, வீட்டுப்பாடம் திருத்துவது, அம்மா அடிக்க வந்தால் குறுக்கே வந்து நிற்பது எல்லாம் அந்த அக்காதான். அந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கி, கோயமுத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். பெரியப்பா அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆனால் அனுப்புகிறேன் என்று சொல்லவில்லை. அதே வாரம் அத்தை, அதாவது பெரியப்பாவுக்கும் என் அப்பாவுக்கும் தங்கை, ஒரு வரன் கொண்டுவந்தார். எண்ணெய் மில் வைத்திருக்கிற குடும்பம், ஒரே பையன், எங்களுக்கு அடுத்த ஊர். பெரியப்பா அதையும் முழுசாகக் கேட்டுக்கொண்டு "பாக்கலாம்" என்றார். அவர் அப்படிச் சொல்லிவிட்டால் அவராக எடுக்கிற வரைக்கும் யாரும் பேச்செடுக்கக் கூடாது. எல்லோரும் காத்திருந்தோம்.

காத்திருந்தபோதுதான் ஒரு நாள் காலை பத்து மணிக்கு, தறிக் கொட்டகையில் நூல் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அவருக்கு ரத்தக்கொதிப்பு இருந்தது, அதற்கு மாத்திரையும் இருந்தது, அதை விழுங்குகிற பழக்கம்தான் இல்லை. வாடகைக் காரில் போட்டுக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனார்கள். மூளைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்து ரத்தம் கசிந்திருப்பதாகவும், அறுவை சிகிச்சை வேண்டாம், மருந்திலேயே பார்க்கலாம் என்றும் டாக்டர்கள் சொன்னார்கள். மூன்று வாரம் கழித்து வேனில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். வலது கையும் காலும் விழுந்திருந்தன. பேச்சு இல்லை. கஞ்சியைக் கரண்டியில் ஊட்டினால் மெதுவாக விழுங்கினார். இதையெல்லாம் வீட்டார் எப்படியோ தாங்கிக்கொண்டார்கள். தாங்க முடியாதது அவருடைய கண்தான். இரண்டு இமைகளும் மூடியே இருந்தன.

தூக்கம் இல்லை, மயக்கமும் இல்லை என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். நாம் பேசுவது கேட்கிறது, புரிகிறது. கண்ணைத் திறக்க வேண்டும் என்று நினைக்கிறார், ஆனால் இமையைத் தூக்கச் சொல்லும் உத்தரவு மூளையிலிருந்து போய்ச் சேரவில்லை. சில சமயம் கொட்டாவி விட்டால், தும்மினால், தானாகவே திறக்கும். நாள்பட நாள்படச் சரியாகலாம், விரலால் இழுத்துத் திறக்காதீர்கள். இதை அப்பா ஊருக்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொன்னார்: "மோட்டாரு நல்லாத்தான் இருக்குதாமா. கரண்டும் வருதாமா. சுச்சுத்தான் புடிக்கறதில்லையாமா."

ஆசாரத்தில், அதாவது எங்கள் வீட்டு முன்கூடத்தில், நாடாக் கட்டில் போட்டுப் பெரியப்பாவைப் படுக்கவைத்தார்கள். உறவுக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ரொட்டியுமாக வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் எல்லோரும் காது கேட்காதவரிடம் பேசுகிற மாதிரிக் கத்தினார்கள். "ஏனுங்க, நான் வந்திருக்கறனுங்க. கண்ணத் தொறந்து ஒருக்காப் பாருங்க." உடனே பெரியப்பாவின் புருவங்கள் ஏறும். நெற்றியில் அந்த மூன்று நான்கு வரிகள் விழும். இமை மட்டும் அசையாது. திறக்கத்தான் அவ்வளவு பாடுபடுகிறார் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நாற்பது வருஷமாக அந்த நெற்றிக்கு ஒரே அர்த்தம்தானே? வந்தவர் இரண்டடி பின்வாங்கி, "நான் தப்பா ஒண்ணுஞ் சொல்லிப்போடலீங்களே?" என்று பெரியம்மாவிடம் கேட்டுவிட்டு, கொண்டுவந்த ரொட்டியை ஓரமாக வைத்துவிட்டுக் கிளம்புவார். யார்மேல் என்ன கோபம் என்று வீட்டுக்குள் பெரிய ஆராய்ச்சியே நடந்தது.

காலையில் அக்கா அவருக்கு முகம் துடைத்துவிடுவாள். ஈரத்துணி இடது புருவத்தின் ஓரத்தைக் கடக்கிறபோது பட்டென்று இரண்டு கண்களும் திறந்துகொள்ளும். கொஞ்ச நேரம் பார்ப்பார். இமைத்தார் என்றால் மறுபடி மூடிக்கொள்ளும். தண்ணீரின் குளிர்ச்சிதான் காரணம் என்று பெரியம்மா சொன்னார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள். ஒருநாள் யாரும் இல்லாதபோது, வெறும் விரலால் அந்த இடத்தில் லேசாக அழுத்திப் பார்த்தேன். திறந்தது. தேர்த் திருவிழாக் கடையில் வாங்கின, நிமிர்த்தினால் கண் திறக்கும் பொம்மை ஞாபகம்தான் வந்தது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பெரியப்பா என்னையே பார்த்தார். புருவம் ஏறவில்லை.

அதற்குப் பிறகு தினமும் அதுதான் எனக்கு விளையாட்டு. விரலை வைத்துக் கண்ணைத் திறந்து அவருக்கு எதையாவது காட்டுவேன். ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினேன். நான் வரைந்த மயிலைக் காட்டினேன். ஒருமுறை கணக்கில் குறைந்த மார்க் வாங்கின அட்டையைக்கூடக் காட்டினேன், திட்ட முடியாது என்கிற தைரியத்தில். அவர் இமைக்காமல் பார்ப்பார். பார்க்கப் பிடித்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன். இரண்டு பேருக்குள் ரகசியமாக இருக்கட்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை. பத்து வயதில் சொல்லாமல் வைத்துக்கொள்ள ஒரு விஷயம் கிடைப்பது சின்ன காரியமா?

இதற்கிடையில் வீட்டில் வேறு ஒன்றும் நடந்துகொண்டிருந்தது. பெரியப்பாவின் மர நாற்காலியில் என் அப்பா உட்காரத் தொடங்கினார். முதல் வாரம் நுனியில் உட்கார்ந்தார், இரண்டாவது வாரம் நன்றாகச் சாய்ந்துகொண்டார். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, யாராவது உட்கார்ந்து நூல்காரனுக்குப் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும். கட்டிலுக்கு இரண்டு முழம் தள்ளி நின்றுகொண்டே பெரியப்பாவைப் பற்றி, அவர் அங்கே இல்லாத மாதிரிப் பேசினார்கள். எத்தனை நாள் தாங்கும், யாருக்குச் சொல்லியனுப்ப வேண்டியிருக்கும் என்றெல்லாம் பேசினார்கள். அப்போதெல்லாம் அக்கா கட்டிலைத் தாண்டி வெளியே போய்விடுவாள்.

இடம் கிடைத்ததாகக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்திருந்தது, சேரக் கடைசி நாளும் நெருங்கியது. மாப்பிள்ளை வீட்டாரும் ஆவணிக்குள் முடிக்க வேண்டும் என்று அவசரப்பட்டார்கள். இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டியவர் கண்மூடிக் கிடக்கிறார். அவர் 'பாக்கலாம்' என்று நிறுத்திவைத்த விஷயத்தில் அவர் சொல்லாமல் கைவைக்க என் அப்பாவுக்கும் தைரியம் இல்லை. அக்காதான் ஒரு வழி சொன்னாள். "ஆஸ்பத்திரியில சொல்லிக்குடுத்தாங்களே, எடக் கையப் புடிச்சுட்டுக் கேட்டா அமுத்தறாரு. அதுல கேக்கலாமுங்க அத்த."

அத்தைக்கு வந்ததே கோபம். "நல்ல காரியத்துக்கு எடக் கையிலயா உத்தரவு வாங்கறது? கூறு இருக்குதா அம்மணி உனக்கு?"

அதோடு அந்தக் கை தீட்டுப்பட்டுப் போயிற்று. அத்தையே வேறு வழியும் வைத்திருந்தார். எங்கள் குலதெய்வக் கோயிலில் எந்தக் காரியத்துக்கும் பூக் கேட்பது வழக்கம். சாமியின் இரண்டு பக்கமும் பூவை வைத்துவிட்டுக் காத்திருப்போம். வலது பக்கப் பூ விழுந்தால் சாமி சரி என்று சொல்லிவிட்டது. போர்க் கிணறு தோண்டியது, தறி வாங்கியது எல்லாம் அப்படித்தான். "சாமிகிட்டப் பூக் கேக்கறாப்பல அண்ணங்கிட்டயும் கேட்டுப்போடலாம்" என்றார் அத்தை. "மூணு தடவ கேக்கோணும். கண்ணத் தொறந்தா உத்தரவு. புருவத்த ஏத்திட்டாருன்னா அவருக்குப் புடிக்கலைன்னு விட்டுப்போடலாம்." அப்பா யோசித்துவிட்டு, அதுவும் சரிதான் என்றார். பெரியம்மா அழுதார், பெரியம்மாவின் அழுகையைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். அக்காவை யாரும் கேட்கவில்லை.

என்னையும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கல்யாணம்தான் என்று கத்தியிருப்பேன். கோயமுத்தூர் விடுதிக்குப் போனால் அக்கா தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வருவாள். அடுத்த ஊருக்குப் போனால், பஸ்ஸில் ஏறிக் கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதற்குள் இறங்கிவிடலாம். எனக்குப் பட்டுப்பாவாடை எடுத்துத் தருவதாக அத்தை வேறு சொல்லியிருந்தார். கல்யாணத்துக்கு வீடியோ எடுப்பார்கள் என்றும் பேச்சு இருந்தது. எங்கள் வீட்டில் அதுவரை யாரும் வீடியோவில் வந்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை மாப்பிள்ளையின் அப்பா வந்தார். கரண்ட் இல்லை, தறிகள் நின்றிருந்தன. அதனால் ஆசாரத்தில் பேசுகிற ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. அப்பா நாற்காலியில் இருந்தார். மாப்பிள்ளையின் அப்பா பெஞ்சில். பெரியம்மா கதவுக்குப் பின்னால். அக்கா கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். ஈ ஓட்டுவதற்கு விசிறியைக் கையில் கொடுத்து என்னைத் தலைமாட்டில் நிறுத்தியிருந்தார்கள்.

அத்தை விளக்கேற்றிவிட்டு வந்து கட்டிலருகே குனிந்தார். "அண்ணா, புள்ளைய இவிய ஊட்டுக்குக் குடுக்கலாம்னு இருக்கறமுங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லோணும்."

பெரியப்பாவின் புருவம் ஏறியது. நெற்றியில் வரிகள் விழுந்தன. மாப்பிள்ளையின் அப்பா பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். அத்தை தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டாவது முறை கேட்டார். இந்தத் தடவை நெற்றி இன்னும் சுருங்கியது, கழுத்து நரம்புகூடத் தெரிந்தது. அத்தையின் முகம் விழுந்துவிட்டது. எனக்கோ பட்டுப்பாவாடை, வீடியோ, டிக்கெட் கிழிப்பதற்குள் இறங்குகிற பஸ் எல்லாம் ஒரே நேரத்தில் கைநழுவிப் போவது தெரிந்தது. அக்கா விடுதிக்குப் போய்விடுவாள் என்று பயந்தேன்.

மூன்றாவது முறை அத்தை "அண்ணா" என்று ஆரம்பித்ததும், விசிறியை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனேன். அதன் மறைவில் விரலை இடது புருவத்தின் ஓரத்தில் வைத்து அழுத்தினேன்.

கண் திறந்தது. இரண்டு கண்களும் அகலமாகத் திறந்து மேலே பார்த்தன.

அத்தை கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். கதவுக்குப் பின்னாலிருந்து பெரியம்மா விம்முவது கேட்டது. என் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து, பழைய மாதிரி, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றார். மாப்பிள்ளையின் அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "அய்யா உத்தரவு குடுத்துட்டாருங்க" என்றார். பெரியப்பா மேலே சாமியைப் பார்த்து உத்தரவு கொடுத்தார் என்று அத்தை பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார். அவர் மேலே நின்றிருந்த என்னைத்தான் பார்த்தார். இன்றைக்கு என்ன காட்டப் போகிறாய் என்று கேட்பதாக நான் நினைத்துக்கொண்டேன். காட்ட எதுவும் இல்லாததால் சிரித்தேன். கண்ணோரத்திலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது, அதை ஆனந்தக் கண்ணீர் என்றார்கள். பிறகு இமைத்தார், கண் மூடிக்கொண்டது.

அன்றைக்கே உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டு கல்யாணத்தை உறுதி செய்தார்கள். ஆவணியில் கல்யாணம் நடந்தது. எனக்கு மாம்பழ நிறத்தில் பட்டுப்பாவாடை, வீடியோவில் ஏழெட்டு இடத்தில் வருகிறேன். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு பெரியப்பா கட்டிலருகே கத்துகிறவர்கள் இல்லை. அவர் இல்லாத மாதிரிப் பேசுகிறவர்களும் இல்லை. நூல் வாங்குவது, ஆள் வைப்பது எதுவானாலும் அப்பா முதலில் கட்டிலருகே முக்காலி போட்டு உட்கார்ந்து சொல்லிவிட்டுத்தான் செய்தார். பதில் வந்தாலும் வராவிட்டாலும் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னாலேயே இமைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமாகத் திறக்க ஆரம்பித்தன. தாலி கட்டும்போது அவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள், கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதில் என் பங்கு பெரியது என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. நான் செய்தது தப்பு என்று வெகுநாள் வரை தோன்றவே இல்லை.

தோன்றியது ஏழு வருஷம் கழித்து. நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தேன். அப்போது பெரியப்பா கைத்தடியோடு நடந்தார், குழறிக் குழறிப் பேசினார். என்னைக் கோயமுத்தூருக்கு அனுப்புவதா வேண்டாமா என்று அப்பா வழக்கம்போல அண்ணனிடம் கேட்டார். பெரியப்பா யோசிக்கக்கூட இல்லை. "அனுப்பு" என்றார். பிறகு, "அவளயும்... அனுப்பத்தான்... இருந்தேன்" என்றார்.

பெரியம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அதுக்குத்தான் அன்னைக்கு மூணாந்தடவ கண்ணத் தொறந்து பாத்தீங்களாக்கும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். பெரியப்பா என்னைப் பார்த்தார். புருவம் ஏறவில்லை. என் விரலை அவர் காட்டிக்கொடுக்கவில்லை. அன்றைக்கு என்னைப் பார்த்த அந்தக் கண் என்ன சொன்னது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மறுநாளே பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா நன்றாகத்தான் இருந்தாள். மாமா தங்கமான மனுஷர், இரண்டு பிள்ளைகள், மில்லில் வேலை செய்கிறவர்களுக்கும் சேர்த்துச் சமையல். முறத்தில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து, விரல் வைத்ததை அழுதுகொண்டே சொன்னேன். அவள் கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"தெரியும் கண்ணு" என்றாள். "நீ தலமாட்டுல நிக்கற, நான் காலுமாட்டுல நிக்கறேன். உன்ற வெரலு எனக்குத் தெரியாமப் போகுமா?"

"அப்பறம் ஏனக்கா அன்னைக்கே சொல்லல?"

அவள் ஒரு கொத்தை உருவி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். "சொல்லியிருந்தா, அது வெறுங் கண்ணு, ஆரு தொட்டாலும் தொறக்கும்னு ஆயிருக்கும். அதுக்கப்பறம் அப்பாகிட்ட ஆரு வந்து எதுங் கேட்டிருப்பாங்க?" பிறகு, "சாப்புட்டுப் போ, பருப்புக் கடைஞ்சிருக்கறேன்" என்று எழுந்து உள்ளே போனாள்.

அந்த வெள்ளிக்கிழமை அக்காவுக்குப் பதினேழு வயதுதான். கல்லூரிக் கடிதம் பீரோவில் துணிகளுக்கு நடுவே இருந்தது. கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் அவளுடைய அப்பாவை மறுபடி ஒரு மனுஷராகப் பார்த்து எழுந்து நின்ற அந்த ஒரு நிமிஷத்தில், அவள் வாயைத் திறந்திருந்தால் போதும், படிக்கப் போயிருக்கலாம். அவள் திறக்கவில்லை. எனக்குப் பத்து வயதில் தெரிந்ததெல்லாம் இமை எங்கே தொட்டால் திறக்கும் என்பதுதான். கால்மாட்டில் நின்ற அக்காவின் முகத்தை நான் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.